மூடும் முன் பார்ப்போம்! சொகுசுப் படகுகள் சொல்லும் தரப் பாடம்



இந்த மாதப் பாடம் 'தரம்'. ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேச வேண்டுகிறோம். ஒரே கூட்டத்தில் முடியவில்லை என்றால் இரண்டு கூட்டத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

"விலை அதிகம்னா சாமானும் நல்லாத்தான் இருக்கும்." நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். இது உண்மையா? இதைத் தெரிந்துகொள்ள, உலகத்திலேயே மிக விலை கூடிய பொருள்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும் பணக்காரர்கள் கடலில் உல்லாசமாகச் சுற்றுவதற்குக் கட்டிக்கொள்ளும் சொகுசுப் படகுதான் அது. உள்ளே படுக்கை அறை, சமையலறை, குளிர்சாதன வசதி எல்லாம் இருக்கும். விலை பல கோடி ரூபாய்.

2025 செப்டம்பர் 2 அன்று துருக்கி நாட்டின் கருங்கடல் கரையில் இப்படி ஒரு புத்தம் புதிய படகைக் கடலில் இறக்கினார்கள். பெயர் 'டோல்சே வென்டோ'. நீளம் ஏறத்தாழ 80 அடி. சொந்தக்காரர் படகிலேயே இருந்தார். கரையில் நின்றவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் படகு சாய்ந்து, கண் முன்னாலேயே மூழ்கிவிட்டது. நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை. சொந்தக்காரர் தண்ணீரில் குதித்து நீந்திக் கரை சேர்ந்தார்.

இவ்வளவு பணம் கொடுத்தும் ஏன் இப்படி நடக்கிறது? சொகுசுப் படகு கட்டும் கம்பெனிகள் மேல் மேலை நாடுகளில் கடுமையான விமர்சனம் இருக்கிறது. "வெளியே பாலிஷ், உள்ளே பலம் இல்லை" என்பதுதான் அதன் சுருக்கம். எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. ஆனால் இந்த விமர்சனத்தில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

தலையாட்டி பொம்மை எப்படி நிற்கிறது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் சாய்ந்து, திரும்ப எழுந்து நின்றுவிடும். காரணம், அதன் அடியில்தான் கனம் இருக்கிறது. அந்தக் கனத்தை எடுத்துவிட்டால் பொம்மை கீழே படுத்துவிடும்.

பாய்மரச் சொகுசுப் படகும் இப்படித்தான். மேலே உயரமான பாய்மரம். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். கவிழாமல் இருக்க, படகின் அடியில் ஈயத்தாலோ வார்ப்பு இரும்பாலோ செய்த பெரிய எடையைத் தொங்கவிட்டு, நீளமான போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதைக் 'கீல்' என்பார்கள். டன் கணக்கில் எடை இருக்கும். அது கழன்று விழுந்தால், படகு சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். உள்ளே தூங்குகிறவர்களுக்கு எழுந்து வெளியே வரக்கூட நேரம் இருக்காது.

ஆக, படகில் இருப்பவர் உயிர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், தண்ணீருக்கு அடியில் உள்ள ஓர் இணைப்பில் இருக்கிறது. மேலே உள்ள தேக்குத் தரையும் தோல் சோபாவும் அந்த இணைப்பைக் காப்பாற்றாது.

ஃபைபர் படகை எப்படிக் கட்டுகிறார்கள்?

இந்தப் படகுகளில் பல நம் கடற்கரையில் ஓடும் படகுகளைப் போலவே ஃபைபரில் கட்டியவை. முதலில் ஓர் அச்சு தயார் செய்வார்கள். அச்சின் உள்பக்கம் 'ஜெல்கோட்' என்ற பளபளப்பான பூச்சைப் பூசுவார்கள். அதன் மேல் கண்ணாடி நாரால் ஆன பாயை விரித்து, ரெசினைத் தடவி, ரோலரால் அழுத்துவார்கள். இப்படி அடுக்கடுக்காகப் போட்டு இறுகவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? வெளியே தெரிகிற பளபளப்பு, முதலில் பூசிய மெல்லிய பூச்சு மட்டும்தான். பலம் கொடுப்பது அதற்குப் பின்னால் உள்ள அடுக்குகள். ரோலரைச் சரியாக அழுத்தாவிட்டால் நடுவில் காற்றுக் குமிழ் நின்றுவிடும். ரெசினும் அதை இறுகவைக்கும் மருந்தும் அளவு தப்பினால் சரியாக இறுகாது. ஈரக் காற்று அடிக்கும் நாளில் அவசரமாகச் செய்தாலும் கெடும். நாலு அடுக்கு போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டாலும் வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு படகும் ஒரே மாதிரித்தான் மின்னும்!

அடுத்து, படகின் உள்ளே அடித்தளத்தில் ஒரு சட்டம் வைப்பார்கள். நம் உடம்புக்கு விலா எலும்பு மாதிரி அது. கீலின் கனத்தைத் தாங்குவது இந்தச் சட்டம்தான். பல கம்பெனிகள் இதைத் தனியாகச் செய்து, பசை போட்டு அடித்தளத்தில் ஒட்டிவிடுகின்றன. அதன் மேல் தரைப் பலகை போட்டு மூடிவிட்டால், ஒட்டு பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்று பார்ப்பது கஷ்டம்.

இனி, நடந்த மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

சம்பவம் 1: சீக்கி ரஃபிகி, 2014

இது பெரும் பணக்காரர் படகு இல்லை. பிரான்ஸ் நாட்டின் 'பெனட்டோ' கம்பெனி வரிசையாகக் கட்டி விற்ற 40 அடிப் படகு. 2014 மே மாதம், கரீபியக் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவில் இருந்து இங்கிலாந்துக்கு 4 பேர் இதில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அட்லாண்டிக் பெருங்கடல் நடுவில், கரையில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், "படகுக்குள் தண்ணீர் வருகிறது" என்று தகவல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை இரண்டு நாள் தேடிவிட்டு நிறுத்தியது. குடும்பத்தார் விடவில்லை. தேடலைத் தொடர வேண்டும் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். தேடல் மீண்டும் தொடங்கியது. கவிழ்ந்த படகு கிடைத்தது. கீல் இல்லை. ஆபத்தில் ஏறித் தப்பிக்க வேண்டிய மிதவை, எடுக்கப்படாமல் உள்ளேயே இருந்தது. அந்த 4 பேரும் கிடைக்கவே இல்லை.

இங்கிலாந்தின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015-இல் அறிக்கை கொடுத்தது. அந்தப் படகு அதற்கு முன்பு சில தடவை தரை தட்டியிருந்தது. அதனால் உள்சட்டத்தின் ஒட்டு பலவீனம் அடைந்திருக்கலாம், கீல் போல்ட்டும் கெட்டிருக்கலாம் என்று சொன்னது. வெளியே எந்த அடையாளமும் தெரியாமலேயே உள்ளே ஒட்டு விட்டுப் போகலாம் என்றும் எச்சரித்தது. இப்படி ஒட்டிக் கட்டும் படகுகளைக் கட்டுவதற்கும் சோதிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் தெளிவான வழிகாட்டி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆனால் உடைந்த படகு கரைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதனால் "இதுதான் காரணம்" என்று உறுதியாக எழுத முடியவில்லை. ஆதாரம் கடலோடு போய்விட்டது.

சம்பவம் 2: பொலினா ஸ்டார் 3, 2015

இது நிஜமான சொகுசுப் படகு. கட்டியது இங்கிலாந்தின் 'ஆய்ஸ்டர்' கம்பெனி. 1973-இல் தொடங்கி, நல்ல பேர் எடுத்த கம்பெனி. "ஆய்ஸ்டர் படகா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்கிற அளவுக்கு மதிப்பு. இந்தப் படகு 2014-இல் கடலில் இறங்கியது. ஒரு வருஷம் கூடச் சரியாக ஓடவில்லை. 2015 ஜூலையில் ஸ்பெயின் கரைக்கு அருகே படகுக்குள் தண்ணீர் ஏறியது. கீல், படகின் அடிப்பாகத்தையும் பிய்த்துக்கொண்டு கழன்றது. படகு மூழ்கியது. உள்ளே இருந்த 5 பேரும் மிதவையில் ஏறித் தப்பினார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மூழ்கிய படகைக் கடலுக்கு அடியில் இருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். வல்லுநர்கள் உடைந்த இடத்தை நேரில் பார்த்தார்கள். கடைசியில் கம்பெனியே, உள்சட்டம் கட்டிய முறையில் ஒரு பலவீனம் இருந்திருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அந்த முறையை மாற்றியது. அதே முறையில் கட்டிய மற்ற படகுகளையும் சோதித்துப் பலப்படுத்தியது.

சீக்கி ரஃபிகிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பார்த்தீர்களா? ஆதாரம் கையில் இருந்ததால், மற்ற படகுகளில் போகிறவர்கள் உயிருக்கும் பாதுகாப்பு கிடைத்தது.

கதை இதோடு முடியவில்லை. 2018 பிப்ரவரியில் முதலீட்டாளர் பணம் தருவதை நிறுத்த, ஆய்ஸ்டர் கம்பெனி நொடித்துப்போனது. மூழ்கிய படகு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதனால் வந்த செலவும் கம்பெனியின் சுமைகளில் ஒன்று. ஏறத்தாழ 400 தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். முன்பணம் கொடுத்தவர்களின் படகுகள் பாதியில் நின்றன. அடுத்த மாதம் வேறொருவர் கம்பெனியை வாங்கித் திரும்ப நடத்தத் தொடங்கினார். ஒட்டில் விட்ட குறை, கடைசியில் தொழிலாளி வீட்டு அடுப்பு வரைக்கும் வந்தது.

சம்பவம் 3: பேய்சியன், 2024

இது 56 மீட்டர் நீளமுள்ள பெரிய பாய்மரப் படகு. 2008-இல் இத்தாலியின் 'பெரினி நாவி' கம்பெனி அலுமினியத்தில் கட்டியது. இதன் பாய்மரம் மட்டும் ஏறத்தாழ 72 மீட்டர் உயரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை நினைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த உயரம்!

2024 ஆகஸ்ட் 19 விடியும் முன், சிசிலித் தீவின் போர்ட்டிசெல்லோ கரைக்கு அருகே நங்கூரம் போட்டு நின்றது. படகில் 22 பேர். திடீரென்று சூறைக்காற்று. படகு 15 விநாடிக்குள் முழுவதும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மூழ்கியது. 7 பேர் இறந்தார்கள். அதில் பிரிட்டிஷ் தொழிலதிபர் மைக் லிஞ்சும் அவருடைய 18 வயது மகளும் உண்டு. படகில் வேலை பார்த்த சமையல்காரரும் உண்டு.

பெரினி நாவியை வாங்கியிருந்த கம்பெனியின் தலைவர் உடனே பேட்டி கொடுத்தார். "இந்தப் படகு மூழ்கவே மூழ்காது, மாலுமிகள் செய்த தப்பு" என்பது அவர் சொன்னதன் சாரம். விசாரணை சரியாகத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்.

2025 மே மாதம் இங்கிலாந்து விசாரணைப் பிரிவின் இடைக்கால அறிக்கை வந்தது. பாய்கள் இறக்கி, அடியில் உள்ள ஏற்றி இறக்கும் பலகை மேலே ஏற்றிய நிலையில், மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் காற்று அடித்தால் இந்தப் படகு கவிழ வாய்ப்பு அதிகம் என்று கணக்கு சொன்னது. அன்றைக்குப் படகு இருந்ததும் அதே நிலைதான். பலகையை அப்படி ஏற்றி வைப்பது படகில் இருந்த கையேட்டின்படி தவறும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், இந்த ஆபத்து அந்தக் கையேட்டில் எழுதப்படவே இல்லை. சொந்தக்காரருக்கும் தெரியாது, மாலுமிகளுக்கும் தெரியாது.

யார் குற்றவாளி என்று சொல்வது அந்த அறிக்கையின் வேலை இல்லை. ஆனால் நமக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு பொருள் எவ்வளவு தாங்கும், எதைத் தாங்காது என்று செய்தவர் சொல்லாமல் விட்டால், அதுவும் தரக் குறைவுதான். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சொல்வது உத்தரவாதம் ஆகாது.

முத்திரை இருந்தால் போதுமா?

"அரசாங்கம் சோதிக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போல ஐரோப்பாவில் 'சி.இ.' முத்திரை உண்டு. 24 மீட்டர் வரையுள்ள உல்லாசப் படகுகளை அந்த முத்திரை இல்லாமல் அங்கே புதிதாக விற்க முடியாது. ஆனால் பல நேரம் ஒரு மாதிரிப் படகையும் அதன் வரைபடத்தையும் மட்டும் பார்த்துச் சான்று கொடுப்பார்கள். அதற்குப் பின் கட்டுகிற ஒவ்வொரு படகிலும் ஒட்டு சரியாகப் பிடித்ததா என்று வெளியாள் வந்து பார்ப்பதில்லை. கட்டுகிறவரே "சரியாகக் கட்டினேன்" என்று எழுதிக் கொடுப்பார்.

முத்திரை வேண்டும். அது முதல் படி. ஆனால் அதுவே கடைசிப் படி இல்லை.

விவரம் தெரிந்த பணக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தங்கள் சார்பில் ஒரு வல்லுநரைச் சம்பளம் கொடுத்து, படகு கட்டும் இடத்திலேயே நிறுத்துகிறார்கள். அவர் ஒவ்வொரு கட்டத்தையும், மூடுவதற்கு முன்னால் பார்க்கிறார். பணத்தையும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. அடிப்பாகம் முடிந்தால் இவ்வளவு, கடலில் இறக்கினால் இவ்வளவு, ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தால் மீதி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். இந்தப் புத்திக்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. நாமும் செய்யலாம்.

நம் கரைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அதே கண்ணாடி நார், அதே ரெசின், அதே ஜெல்கோட்தான் நம் மீனவக் குடும்பங்களின் ஃபைபர் படகிலும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவசர அவசரமாக ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. புதிது புதிதாகப் படகுக் கூடங்கள் முளைத்தன. அவற்றில் பல படகுகள் தரம் இல்லை என்ற புகார் எழுந்தது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு படகு கட்டுவோருக்குப் பயிற்சி கொடுத்தது. சொகுசுப் படகுக்காரர் இன்னொரு படகு வாங்கிக்கொள்வார். நம் படகு போனால் வருமானம் போகும், கடன் மட்டும் நிற்கும். கடன் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து பெரும்பாலும் நம்முடையது! கடலுக்குப் போகிற உயிரும் நம் வீட்டு உயிர்தான்.

அதனால் படகுக்குக் கடன் கேட்கும் உறுப்பினர்கள் வீட்டாரோடு சேர்ந்து இவற்றைச் செய்யுங்கள்:

1. வேலை நடக்கும்போதே போய்ப் பாருங்கள். அடுக்கு போடும் நாளிலும், உள்ளே பெயின்ட் அடித்துத் தரை மூடுவதற்கு முதல் நாளிலும் கட்டாயம் போக வேண்டும்.

2. எத்தனை அடுக்கு, எந்த ரெசின், என்ன கனம் என்று விலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

3. தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா? அதே மாதிரி சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடம் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். மேலை நாட்டு வல்லுநரும் இப்படித்தான் சோதிக்கிறார்.

4. துளை போடும்போது வெட்டி எடுக்கிற துண்டை எறிய விடாதீர்கள். அதன் கனத்தையும் குமிழ்களையும் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

5. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசித் தவணை கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு.

6. எத்தனை பேர், எவ்வளவு எடை, எந்த அளவு என்ஜின் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

7. தரை தட்டினாலோ, பாறையில் மோதினாலோ, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்பக்கம் திறந்து பாருங்கள்.

8. குறை தெரிந்தால் பழுது பார்க்கும் முன் போட்டோ எடுங்கள். ரசீதோடு சேர்த்து வையுங்கள். நினைவிருக்கட்டும், ஆதாரம் இருந்த இடத்தில்தான் உண்மை வெளியே வந்தது.

பேசித் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கும் புகார் கொடுக்க உரிமை உண்டு. குறை ஏற்பட்ட 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரு எச்சரிக்கை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு "அவன் ஏமாத்திட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லக் கூடாது. விசாரிக்கும் முன்பே மாலுமிகள் மேல் பழி போட்டது எப்படித் தவறோ, பார்க்காமலேயே படகு கட்டியவர் மேல் பழி போடுவதும் அப்படியே தவறு. நேர்மையாக வேலை செய்கிற மேஸ்திரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்கள், கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

குழுவில் கலந்து பேச:

1. சீக்கி ரஃபிகி, பொலினா ஸ்டார் 3 இரண்டிலும் கீல் கழன்றது. ஒன்றில் காரணம் தெரிய வந்தது, ஒன்றில் உறுதியாகத் தெரியவில்லை. ஏன்?

2. பேய்சியன் படகின் கையேட்டில் எதை எழுதியிருக்க வேண்டும்?

3. வீட்டுத் தளம், கழிவறைத் தொட்டி, கிணற்று உறை என்று மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலைகள் நம் வீட்டில் எவை? அவற்றை எந்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும்?

4. குழுக் கடனில் வேலை நடக்கும்போது, மூடுவதற்கு முன் இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடலாமா? தீர்மானம் எழுதுங்கள்.

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள். எந்த ஊரில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.